பயாலஜி மேஜருக்கு மாற நினைக்கிறீர்களா? முதல் வருடத்திலேயே பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை மாணவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், அதன் மாற்றம்தான் என் மேசைக்கு அதிகம் வரும் விஷயம். அதிலும் பயாலஜிக்கு மாற வேண்டும் என்று வருகிறவர்கள்தான் மிகவும் கலங்கிப்போய் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண் அப்போது இரண்டாம் வருடத்தின் கடைசியில் இருந்தாள். விண்ணப்பக் கடிதத்தை நான்கு முறை திருத்தி எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நல்ல கடிதம். ஆனால் துறை கேட்கும் ஐந்து முன்தேவைப் பாடங்களில் ஒன்றை அவள் பாஸ்/நோ பாஸ் முறையில் எடுத்திருந்தாள். அந்தப் பாடத்துக்கு கிரேடு இல்லாததால் விண்ணப்பம் தேர்வுக் குழுவின் கைக்கே போகாது. முதல் வருடத்திலேயே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அவள் அப்படிச் செய்திருக்கமாட்டாள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம்.

முதலில், ஏன் இந்தப் போட்டி? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் போன்ற இடங்களில் பயாலஜியை 'செலெக்டிவ் மேஜர்' என்று வைத்திருக்கிறார்கள். வேறு மேஜரில் சேர்ந்துவிட்டு ஒரு படிவம் கொடுத்து மாறிக்கொள்ள முடியாது. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். பெற்றோர் பலர் இதைத் துறையின் கர்வம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வரலாற்று வகுப்பில் கூட்டம் அதிகமானால் பெரிய அரங்கத்துக்கு மாற்றலாம். லேப் வகுப்பை அப்படி மாற்ற முடியாது. ஒரு லேபில் இருபது சொச்சம் பேருக்குத்தான் இடம். அவர்களுக்கு மைக்ராஸ்கோப், புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டு, பாதுகாப்புக்கு ஒரு பயிற்றுநர் எல்லாம் வேண்டும். மேல்நிலை லேப் பாடங்கள் முடிக்காமல் பட்டம் கிடையாது. எத்தனை பேரை அந்த லேப்களுக்குள் நான்கு வருடத்தில் கடத்திவிட முடியுமோ, அத்தனை பேரைத்தான் துறை உள்ளே விடும்.

சரி, குழு எதைப் பார்க்கிறது? இங்கேதான் மாணவர்கள் தவறான ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் சராசரியை, பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "என் ஜிபிஏ 3.4, மேடம். அவர்கள் கேட்பது 3.3தானே?" என்று ஒருவன் கேட்டான். டிரான்ஸ்கிரிப்ட் என்னும் கிரேடுப் பதிவைத் திறந்து இருவரும் கணக்குப் போட்டோம். நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு). பயாலஜியில் ஏ, அதாவது 4.0. கால்குலஸில் பி பிளஸ், 3.3. பொது கெமிஸ்ட்ரியில் சி பிளஸ், 2.3. எழுத்துப் பயிற்சி வகுப்பில் ஏ, 4.0. நான்கையும் சேர்த்தால் சராசரி 3.4 வருகிறது. ஆனால் துறை முன்தேவைப் பாடங்களை மட்டும்தான் தனியாக எடுத்துக் கணக்கிடுகிறது. எழுத்துப் பயிற்சியை எடுத்துவிட்டால் மீதி மூன்றின் சராசரி 3.2. அவன் கேட்ட 3.3-க்குக் கீழே. பையன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

எந்தப் பாடங்களை எண்ணுவார்கள், லேபுக்குத் தனி கிரெடிட் உண்டா, குறைந்தபட்ச கிரேடு என்ன என்பதெல்லாம் துறைக்குத் துறை வேறுபடும். பொதுவாக அறிமுக பயாலஜி வரிசை, பொது கெமிஸ்ட்ரி, கால்குலஸ் இருக்கும். சில இடங்களில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் முதல் பாகமும் ஃபிசிக்ஸும் சேரும். உங்கள் துறையின் பக்கத்தைத் திறந்து, அந்தப் பாடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கிரெடிட்டும் கிரேடும் போட்டு நீங்களே பெருக்கிக் கூட்டி வகுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்துவிட்டு வருவதில்லை.

அடுத்து நான் அடிக்கடி கேட்பது, "அடுத்த செமஸ்டரில் சரிசெய்துவிடுவேன்" என்ற வாக்குறுதி. மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு அவ்வளவு இளகாது. 60 கிரெடிட் முடித்து 2.8-ல் நிற்கிற ஒருவர் அடுத்த 15 கிரெடிட்டில் அத்தனைக்கும் ஏ வாங்கினால் 3.04-க்கு வருவார். எல்லாவற்றிலும் பி பிளஸ் வாங்கினால், அதுவே நல்ல முன்னேற்றம்தான், 2.9-ல்தான் நிற்பார். முதல் வருடத்தில் ஒரு கிரேடை உயர்த்த எடுக்கும் உழைப்பும் மூன்றாம் வருடத்தில் அதே உயர்வுக்கு எடுக்கும் உழைப்பும் ஒன்றல்ல. அதனால்தான் முதல் கெமிஸ்ட்ரி மிட்டெர்மில் அடி வாங்கியவுடனேயே வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அப்போது வந்தால் கையில் வழிகள் உண்டு. பேராசிரியரை நேரில் பார்த்துக் கேட்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ் உண்டு, டியூட்டரிங் சென்டர் உண்டு, தேவைப்பட்டால் கெடு தேதிக்குள் அந்தப் பாடத்திலிருந்து விலகவும் செய்யலாம்.

விலகுவதற்கும் கணக்கு உண்டு. டிரான்ஸ்கிரிப்டில் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழும். அது ஜிபிஏவைத் தொடாது. ஆனால் பல துறைகள் அதை ஒரு முயற்சியாக எண்ணும். ஒரு பாடத்துக்கு இரண்டு முயற்சிதான் என்று விதி வைத்திருக்கும் துறையில், ஒரு டபிள்யூவுக்குப் பிறகு மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு.

ஒரு பாடத்தைத் திரும்ப எடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் இரண்டாம் முறை வாங்கிய கிரேடு பழையதை மாற்றிவிடும். மாணவர்கள் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் பின்னால் மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், இரண்டு முயற்சிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் மறந்துவிட்ட சி மைனஸை அவர்கள் மறப்பதில்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு ஆகிய நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏவும் போடுகிறார்கள்.

மருத்துவம் என்று பேச்சு வந்துவிட்டதால், எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். பயாலஜிக்கு மாற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எதற்காக?" என்பதுதான். பலரிடமிருந்து "டாக்டராகணும்" என்றுதான் பதில் வரும். அப்படியானால் இந்த மாற்றம் உங்களுக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பயாலஜி மேஜரைத்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பொதுவாக அவர்கள் எதிர்பார்ப்பது லேபுடன் கூடிய பயாலஜி, பொது கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், அதோடு பயோகெமிஸ்ட்ரி. இவற்றை எந்த மேஜரில் இருந்துகொண்டும் எடுக்கலாம். ஹெரால்ட் வார்மஸ் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அப்புறம்தான் மருத்துவம் படித்தார். புற்றுநோய் ஜீன்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1989-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொருளாதாரத்தில் 3.8 வைத்திருக்கும் ஒருவர், பயாலஜி என்ற பெயருக்காக அதை விட்டுவிட்டு 3.2-ல் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றத்தால் அவருடைய மருத்துவ விண்ணப்பம் பலவீனமானதுதான் மிச்சம்.

ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கும் கதவு ஒன்றே ஒன்றல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் ஃபிசிக்ஸ் படித்தார், 1976-ல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஃபிசிக்ஸிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன அதே சான் டியேகோ வளாகத்தில் பயாலஜி மாணவராகப் புதிதாய்ச் சேர்ந்தார். 2009-ல் ரைபோசோம் ஆராய்ச்சிக்காக கெமிஸ்ட்ரி நோபல் அவருக்கு வந்தது. இருபது வயதில் ஒரு குழு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் உயிரியலே கைவிட்டுப் போய்விடும் என்று அழும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. பட்ட மேற்படிப்பில் துறை மாறுவது இன்றும் நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பயாலஜிதான் வேண்டும் என்றால், அதற்கு உங்களிடம் உண்மையான காரணம் இருக்கும். செல் எப்படித் தன்னையே பழுதுபார்க்கிறது என்பதில் மனம் சிக்கியிருக்கலாம். தேனீக்களைப் பற்றிய ஒரு பாடம் தூங்கவிடாமல் செய்திருக்கலாம். அந்தக் காரணம் கடிதத்தில் வர வேண்டும். "சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்" என்று தொடங்கும் கடிதங்களை நிறைய பார்த்துவிட்டேன். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்து நீங்கள் மேல்நிலை பாடங்களைத் தாங்குவீர்களா என்று குழுவால் முடிவுசெய்ய முடியாது. எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி பிடித்தது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், எந்த லேபில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

மோசமான கிரேடு ஒன்று இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். ஒரு மாணவன் எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. பொது கெமிஸ்ட்ரியில் சி வந்ததாகவும், அந்தக் காலத்தில் வாரம் 25 மணி நேரம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததாகவும், பிறகு வேலையைப் பாதியாகக் குறைத்து அடுத்த கெமிஸ்ட்ரியில் பி பிளஸ் வாங்கியதாகவும் மூன்று வரிகளில் எழுதியிருந்தான். புலம்பலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கிறவருக்கு எழும் கேள்விக்கு அந்த மூன்று வரியில் பதில் இருந்தது.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாணவனிடம் "போட்டுப் பார், கிடைத்தாலும் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் அதை நம்பி பயாலஜிக்கு உரிய பாடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் வருடத்தில் மறுப்பு வந்தது. வேறு எந்த மேஜருக்கும் தேவையான பாடங்கள் அவன் கையில் இல்லை. பட்டம் வாங்க ஒரு வருடம் கூடுதலாக ஆனது, அந்த வருடத்துக்கான கடனும் சேர்ந்தது. அன்று நான் "இன்னொரு மேஜரையும் சேர்த்துத் திட்டமிடு" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது மேஜரின் பெயர் தாளில் இல்லாமல் யாரையும் என் அறையிலிருந்து அனுப்புவதில்லை. அது பெயருக்கு ஒன்றாக இருக்கக்கூடாது. அந்தப் பட்டத்தோடு வெளியே போனாலும் மனம் நிறைய வேண்டும். பயோகெமிஸ்ட்ரி, நுண்ணுயிரியல், தாவர அறிவியல், பூச்சியியல், ஊட்டச்சத்து, பொது சுகாதாரம், உயிரியல் மானுடவியல், புள்ளியியல் என்று பக்கத்துத் துறைகள் ஏராளம். வேளாண் கல்லூரி உள்ள பல்கலைக்கழகங்களில் தாவரமும் பூச்சியும் படிக்கிறவர்களுக்கு மரபியல் முதல் செல் உயிரியல் வரை பல பாடங்கள் பொதுவாகவே வந்துவிடும். ஆனால் அந்த மேஜரும் விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டிய 'செலெக்டிவ் மேஜர்'தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு மேஜருக்கும் பயன்படும் பாடங்களை முதலில் எடுங்கள். ஒன்றுக்கு மட்டுமே பயன்படுபவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் கிரெடிட்டை எண்ணிக்கொண்டே வர வேண்டும். பட்டத்துக்கான கிரெடிட்டில் 150 சதவீதத்தைத் தாண்டினால் கூட்டாட்சி உதவி நின்றுவிடும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 வரைதான். பெல் கிராண்ட் என்ற கூட்டாட்சி உதவித்தொகை வாழ்நாளில் மொத்தம் 12 முழுநேர செமஸ்டர்களுக்குச் சமமான அளவுதான்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் மேஜர் மாறியவுடன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லி, படிப்பு விவரங்கள் உள்ள ஐ-20 படிவத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாற்றத்தால் படிப்பு நீண்டால், ஐ-20-ல் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும். மேஜர் மாற்றம் ஏற்கத்தக்க காரணம். ஆனால் கிரேடு குறைந்து புரொபேஷன் என்னும் எச்சரிக்கை நிலைக்குப் போனதால் தாமதம் என்றால் அந்தக் காரணம் செல்லாது. ஆகவே இதைக் கடைசிப் பருவம்வரை விட்டுவைக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. "மேடம், அவன் எங்ககிட்ட எதுவும் சொல்றதில்லை, நீங்களாவது சொல்லுங்க" என்று தமிழ்க் குரல் ஒன்று போனில் கேட்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்க 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் விவரங்கள் மாணவருக்கே உரியவை. சில விதிவிலக்குகள் தவிர, அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் பெற்றோரிடம் நான் அவற்றைப் பற்றிப் பேச முடியாது. கட்டணம் நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளையிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்கும்போது "பயாலஜி கிடைச்சுதா?" என்று தொடங்காமல், "இந்த செமஸ்டர்ல எந்தப் பாடம் பிடிச்சிருக்கு?" என்று தொடங்கிப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தை மூன்று மாதம் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த பிள்ளைகள் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அந்த பாஸ்/நோ பாஸ் பெண் இப்போது நுண்ணுயிரியலில் இருக்கிறாள். அவள் எடுத்திருந்த பாடங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அந்த மேஜருக்கும் பொருந்தின. சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கோடையில் ஒரு லேபில் சேர்ந்திருக்கிறாளாம். தன் தங்கையும் இந்த வருடம் கல்லூரிக்கு வருகிறாள், முதல் வாரமே என்னிடம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். அனுப்பச் சொல்லிப் பதில் எழுதினேன், கூடவே தங்கை சேரப்போகும் துறையின் முன்தேவைப் பாடப் பட்டியலையும் இணைத்து அனுப்பினேன்.