பந்தைத் தொட்ட அந்த ஃபிரேம் எது?

வியாசர்பாடியைச் சென்னையின் குட்டி பிரேசில் என்பார்கள். அந்தப் பக்கம் சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஓடும் வீடுகளில் இப்போதெல்லாம் கோல் விழுந்தால் யாரும் உடனே கத்துவதில்லை. “இருடா, வி.ஏ.ஆர். பாக்கட்டும்” என்று யாராவது கையமர்த்துவார்கள். வி.ஏ.ஆர். என்றால் ரெஃப்ரியின் தீர்ப்பை வீடியோவில் சரிபார்க்கும் முறை. 2025 ஏப்ரலில் பிரீமியர் லீக் அரைத் தானியங்கி முறைக்கு மாறும்வரை, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் திரையில் ஒரு சிவப்புக் கோடும் ஒரு நீலக் கோடும் வரும். தோள்பட்டை ஆஃப்சைடு, கோல் கிடையாது. பாஸ் உதைக்கப்படும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோலுக்கு அருகில் இருப்பதுதான் ஆஃப்சைடு. “அண்ணா, இவ்ளோ துல்லியமா எப்படிண்ணா அளக்குறாங்க?” என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்வைக்குத் தோன்றுகிற அளவுக்கு அந்தக் கோடு துல்லியமானது அல்ல.

ஆஃப்சைடைத் தீர்மானிக்க இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பாஸ் கொடுப்பவரின் கால் பந்தை முதலில் தொட்ட கணம் எது, அந்தக் கணத்தில் யார் எங்கே இருந்தார்கள். டிவி கேமரா நொடிக்கு 50 படம் (ஃபிரேம்) எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 20 மில்லிநொடி. நல்ல வேகத்தில் ஓடும் பார்வர்டு நொடிக்கு 8 மீட்டர் போவார். அந்த 20 மில்லிநொடியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். எதிரே டிஃபெண்டர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலேறி வந்தால் அதில் இன்னொரு 10 சென்டிமீட்டர். ஆக, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே 26 சென்டிமீட்டர் இடைவெளி மாறிவிடுகிறது. கால் பந்தைத் தொட்டது சரியாக ஒரு ஃபிரேமில் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் விழும். கோடு போடும் முறையில், வீடியோ அறையில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். 50 கிராமுக்குக் கீழே காட்டாத தராசில் மீனை நிறுத்து, 3 கிராம் குறைகிறது என்று சண்டை போட்டால் காசிமேட்டில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அடுத்தது உடம்பு. கையால் கோல் போட முடியாது என்பதால் ஆஃப்சைடில் கை கணக்கில் வராது. கை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அக்குளின் அடிப்பகுதியை எல்லையாக வைத்திருக்கிறார்கள். கோடு போடும் முறையில், ஜெர்சி கசங்கிக் கிடக்கும் அந்த இடத்தைப் படத்தில் ஒருவர் குறிக்க வேண்டும். அங்கிருந்து தரைக்கு நேர்செங்குத்தாகக் கோடு இறக்க வேண்டும். 2020 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக லீட்ஸ் அணியின் பாம்ஃபோர்டு, பந்தை எங்கே போட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டியபடி ஓடினார். கோல் அடித்தார். நீட்டிய அந்தக் கையின் மேல்பகுதி ஆஃப்சைடு என்று கோல் ரத்தானது. பந்து கேட்டதற்குத் தண்டனையா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

2021–22 சீசனில் பிரீமியர் லீக் கோடுகளைத் தடிமனாக்கியது. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று பட்டால் கோல் போட்டவர் பக்கமே தீர்ப்பு. அளவுகோலில் பிழை உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்து வி.ஏ.ஆரில் நடந்த நேர்மையான மாற்றங்களில் அதற்கே முதலிடம்.

2022 கத்தார் உலகக் கோப்பையில் கருவியே மாறியது. கூரையடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் ஒரு சென்சார், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அதாவது உதைத்த கணம் 2 மில்லிநொடிக்குள் பிடிபட்டுவிடுகிறது. அதற்குள் நம் பார்வர்டு ஒன்றரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருப்பார். பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே மூன்றாவது நிமிடத்தில் எக்வடாரின் வலென்சியா முட்டிய கோல் ரத்தானபோது, ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கோல்கீப்பர் முன்னால் ஏறி வந்துவிட்டதால், கோல் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக நிற்கும் எதிரணி ஆளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதி அங்கே வேலை செய்தது. தீர்ப்பு சரி. அதைக் காட்டிய அனிமேஷன்தான் தாமதமாக வந்தது.

அளக்கவே முடியாத விஷயங்கள் வேறு ரகம். பந்து கையில் பட்டது தண்டிக்கத்தக்க ஹேண்ட்பாலா, மோதியது முரட்டு ஆட்டமா என்பதற்கு எந்த சென்சாரும் பதில் சொல்லாது. இதில் ஸ்லோ மோஷன் ஒரு பொறி. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், வேகமாகப் பார்த்தவர்களைவிட அதை வேண்டுமென்றே செய்ததாகக் கருதினார்கள். யோசிக்க நேரம் இருந்தது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. அதனால்தான் வி.ஏ.ஆர். வழிமுறையே, கால் எங்கே பட்டது போன்ற விவரத்துக்கு மெதுவாக ஓட்டு, எவ்வளவு வேகமாக மோதினார் என்பதற்கு இயல்பான வேகத்தில் பார் என்கிறது.

அப்புறம், பேச்சு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். வீடியோ அறையில் கோடு சரியாகவே விழுந்தது, ஆஃப்சைடு இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ‘செக் கம்ப்ளீட்’ (சரிபார்த்தாயிற்று) என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்துவிட்டது. கருவி சரி, இரண்டு வார்த்தையில் கோல் போயிற்று. பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவில் அவர்கள் பதறுவதைக் கேட்கலாம்.

ரசிகர்களின் கோபத்தில் பெரும்பங்கு, தீர்ப்புக்கான காரணத்தை அப்போதே சொல்லாத மௌனத்தால் வருவது என்பது என் எண்ணம். 2023 மகளிர் உலகக் கோப்பையில் ரெஃப்ரி மைக்கில் தீர்ப்பையும் காரணத்தையும் மைதானம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அதை எல்லா லீக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு எந்த ஃபிரேமை எடுத்தார்கள், அதற்கு முந்தையதும் பிந்தையதும் எப்படி இருந்தன என்று மூன்றையும் சேர்த்துத் திரையில் காட்டட்டும். வியாசர்பாடிப் பையன்களுக்கு 16 சென்டிமீட்டர் எவ்வளவு என்று நன்றாகவே தெரியும்.