காக்ளியர் கருவிக்குத் தமிழ் புரியுமா?

"ஏனுங்க டாக்டர், இந்த மெசினு மலையாளம் மட்டுந்தான் பிடிக்குமுங்களா?" கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பாட்டி இப்படிக் கேட்டால் சிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், பேச்சுப் பயிற்சியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைக்கு இது நியாயமான சந்தேகம்தான்.

காது கேட்காத பிள்ளைக்கு ஆபரேஷன் செய்து பொருத்தும் இந்தக் காக்ளியர் கருவிக்கு எந்த மொழியும் தெரியாது. காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதியிலுள்ள மைக் ஒலியை வாங்க, பிராசஸர் அதைக் கனத்த சுருதி முதல் கீச்சுச் சுருதி வரை பிரிக்கிறது. தோலுக்கடியில் பொருத்திய பகுதிக்கு அது ரேடியோ அலையாகப் போய்ச் சேரும். அங்கிருந்து மின்முனைகள் பதித்த ஒரு மெல்லிய இழை, உட்காதில் நத்தை ஓடாகச் சுருண்ட காக்ளியாவுக்குள் நுழைகிறது. காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சொலிக்கு, உட்சுருள் கனத்த ஒலிக்கு. அந்தந்த இடத்து மின்முனை அங்குள்ள நரம்பைத் தூண்டுகிறது. இயல்பான காதில் இந்த வேலைக்குச் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் உண்டு. கருவியிலோ 12 முதல் 22 மின்முனைகள்தாம். இதை வைத்துக்கொண்டு மூளை 'கல்'லையும் 'பல்'லையும் பிரித்தறியக் கற்கிறதே, அதுதான் அதிசயம்.

கற்க நாளாகும். ஆபரேஷன் முடிந்த அன்றே கேட்டுவிடாது. புண் ஆறி, சில வாரம் கழித்துத்தான் கருவியை ஓட விடுவார்கள். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று திட்டம் செய்வதற்கு 'மேப்பிங்' என்று பெயர். முதல் நாள் சில பிள்ளைகள் பயந்து அழும்.

மூளைக்குள் கம்பி வைக்கிறார்கள் என்பது புரளி. செவிடு குணமாகிவிட்டது என்பதும் சரியில்லை: குளிக்கவோ தூங்கவோ வெளிப்பகுதியைக் கழற்றினால் மறுபடி நிசப்தம்தான். "இவன் மாமனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று காத்திருப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு முதல் சில வருடங்களில் மூளை பழகுவதுபோல் பின்னால் பழகாது. இந்தக் கருவியைப் பொருத்த உதவும் கேரள அரசின் சுருதிதரங்கம் திட்டமும் சின்னப் பிள்ளைகளுக்கானதுதான்.

இனி வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்று யாராவது சொன்னால், தடுமாறும் மலையாளத்தைவிட அம்மா சரளமாகக் கொஞ்சியும் திட்டியும் பேசும் தமிழே பிள்ளைக்கு நல்ல தீனி என்பேன். இரண்டு மொழியையும் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கும்போதெல்லாம் பிள்ளை கிண்ணத்தில் ஒரு மணி போட வேண்டும். கனத்தது முதல் கீச்சு வரை பேச்சின் வீச்சு இந்த ஆறிலும் அடங்கும். நேற்று வரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரியையும் மைக்கையும் பாருங்கள். அவை சரியென்றால் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் மேப்பிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.