கேக் அமுங்கினால் கைராசியைத் திட்டாதீர்கள்

போன வாரம் இன்னொருத்தி வந்தாள். கையில் ஒரு டப்பா, உள்ளே நடுவில் குழி விழுந்த பட்டர் கேக். "மூணாவது தடவ மிஸ். எனக்குக் கைராசி இல்ல. ஓவன வித்துரலாம்னு இருக்கேன்" என்றாள். நுவரெலியாவில் பேக்கிங் வகுப்பு எடுக்கிற எனக்கு இந்த வசனம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எதைப் பார்த்துச் செய்தாள்? கொழும்பு அக்கா ஒருவரின் யூடியூப் வீடியோ. அவர் மீது குற்றமில்லை. அவர் கடல் மட்டத்தில் இருக்கிறார், நாம் 1,868 மீற்றர் மேலே இருக்கிறோம். இங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் கடலை அவிக்க இங்கே யாரும் உட்காருவதில்லை. அடுப்படியில் மலையை மதிக்கிறோம், ஓவன் முன்னால் மட்டும் மறந்துபோகிறோம்.

அடுத்ததுதான் என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். கேக் அமுங்கினால் பேக்கிங் பவுடர் பத்தவில்லை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! இவள் முதல் தடவை இரண்டு தேக்கரண்டி போட்டாள், அடுத்தது இரண்டரை, மூன்றாவது தடவை மூன்று. ஒவ்வொரு தடவையும் குழி ஆழமானது. "பதினஞ்சு நிமிஷத்துல டின் விளிம்பு வரைக்கும் வந்துச்சு மிஸ், அப்புறம் பார்த்தா பள்ளம்" என்று அவளே சொல்கிறாள். உப்பாத கேக் எப்படியம்மா விளிம்பு வரை வரும்? பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சடசடவென்று மேலே வந்து அடுத்த நொடி அடங்கிவிடும். கேக்குக்கும் அதேதான். மேலே காற்று லேசு, மா அளவுக்கு மீறி உப்பி, வெந்து இறுகுவதற்குள் விழுந்துவிடுகிறது. பத்தாமல் இல்லை, கூடிப்போய்விட்டது. இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், இன்னும் நூறு தடவை சொல்கிறேன்: குறையுங்கள்.

நுவரெலியா உயரத்துக்கு ஒரு தேக்கரண்டி பவுடருக்குக் கால் தேக்கரண்டி குறையட்டும். ஒரு கப் சீனியில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள். பால் இரண்டு மேசைக்கரண்டி கூட ஊற்றுங்கள். ஓவன் 180 என்றால் 190 வையுங்கள், ஐந்து நிமிடம் முன்னதாகவே குத்திப் பாருங்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இதில் பாதி போதும். கண்டிக்காரர்கள் பேசாமல் வீடியோவைப் பார்த்தே செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் பவுடர். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பட்டர் இன்னொரு கதை. 'அறை வெப்பநிலையில்' என்று எழுதியிருப்பார்கள். ஜனவரி விடியலில் நம் குசினிக்கும் பிரிட்ஜுக்கும் என்ன வித்தியாசம்? அதற்காக அடுப்பில் வைத்து உருக்கிவிடாதீர்கள், உருகின பட்டர் எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. முட்டையும் பத்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கிடக்கட்டும்.

அப்புறம், கேஸ் ஓவன் கதவைத் திறந்து வைத்துக் குளிர் காய்கிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். ஜன்னலையும் சாத்திக்கொண்டால் சேருகிற நச்சு வாயுவுக்கு வாசனைகூட இல்லை.

கைராசிப் பேச்சில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாரம் முழுக்க ஊருக்கும் வீட்டுக்கும் உழைக்கிறவர்கள். சனிக்கிழமை பின்னேரம், வெளியே பனி மூடிக் கிடக்க, வெனிலா வாசம் வீட்டில் பரவும்போது ஓவன் கண்ணாடி முன்னால் குந்திப் பார்ப்பார்களே, அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கென்று இருப்பது. கால் தேக்கரண்டிக் கணக்கு தெரியாமல் அதையும் விடப் பார்க்கிறார்கள்.

அமுங்கின கேக்கைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்கள். உள்ளே பெரிய பெரிய ஓட்டை என்றால் பவுடர் கூடிவிட்டது. பள்ளத்துக்கு அடியில் பிசுபிசுப்பு என்றால் வேகவில்லை. எனக்கு வெட்டு முகம் போதும், மேல் அழகு வேண்டியதில்லை.

இவளுடைய கேக்கில் இரண்டுமே இருந்தன. ஓரங்களை வெட்டி, ஸ்ட்ரோபெரி ஜாம் தடவி, பிளேன்டீயோடு வகுப்பே தின்று தீர்த்தது. அதற்குள் ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு அவளே அடித்த அடுத்த கேக் வெந்துவிட்டது. டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. புதுக் கேக்கில் பாதியை அதில் வைத்துத்தான் அனுப்பினேன்.