சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறீர்களா? லேசர் லைட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்

"அண்ணே, டி.எஸ்.எல்.ஆரை வித்துட்டு சின்னதா ஒரு மிரர்லெஸ் வாங்கிடலாமா?" கும்பகோணம் பக்கம் கல்யாண வேலை பார்க்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய கையோடு வரும் புகார்களும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பேட்டரி நிற்கவில்லை, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது, ஸ்டூடியோவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருட்டாக இருக்கிறது, படம் பதியும் சில்லான சென்சாரில் தூசி. பார்க்க நாலு கோளாறு போலத் தெரிந்தாலும் மூலம் ஒன்றுதான். டி.எஸ்.எல்.ஆரில் சென்சாருக்கு முன்னால் இருந்த கண்ணாடி மிரர்லெஸ்ஸில் போய்விட்டது. அதனால் கேமரா ஆனில் இருக்கும் நேரமெல்லாம் சென்சார் வெளிச்சத்தில் நின்று வேலை பார்க்கிறது.

நான் சோனி ஏ6400-ஐ வைத்தே சொல்கிறேன். 2019இல் வந்த மாடல், பழைய மார்க்கெட்டில் நிறையப் புழங்குகிறது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 403 கிராம். பெரிய கேமரா பிடித்துப் பழகிய கைக்கு முதலில் பொம்மை மாதிரி இருக்கும்; சுண்டுவிரல் வைக்க இடம் இருக்காது. அந்தச் சின்ன உருவத்தை நம்பி ஏமாறவும் கூடாது. மண்டப வெளிச்சத்துக்கு கூட வரும் 16-50 லென்ஸ் போதாது என்று சிக்மா 16 எம்.எம். எஃப் 1.4 வாங்கினால், அந்த லென்ஸ் மட்டும் 405 கிராம். கேமராவைவிட இரண்டு கிராம் கூடுதல்! கண்ணாடியை எடுத்தால் உடல்தான் மெலியும். நல்ல வெளிச்சம் வாங்கும் லென்ஸ் அவ்வளவாக மெலியாது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். வியூஃபைண்டரில் தெரிவது சென்சார் பார்க்கும் காட்சி. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப்போகிறதா, பெண்ணின் அரக்குக் கூரைப்புடவையில் ஜரிகை மட்டும் எரிகிறதா என்பது ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஹோமப் புகைக்கு நடுவிலும், அட்சதை போட நீளும் கைகளுக்கு நடுவிலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸைப் பழகிவிட்டால் பழையதுக்குத் திரும்ப மனசு வராது.

இதற்கெல்லாம் விலை பேட்டரி. கம்பெனி கணக்கே திரையைப் பார்த்து எடுத்தால் 410 படம், வியூஃபைண்டர் வழியே எடுத்தால் 360 படம்தான். முகூர்த்தக் காலையில் அது எந்த மூலைக்கு? இன்னொன்றும் இருக்கிறது. கண்ணை வைத்தால் தானாக எரியும்படி வியூஃபைண்டர் ஓரத்தில் ஒரு உணர்வி உண்டு. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் சட்டைத் துணியைக் கண் என்று நினைத்து அது எரிந்துகொண்டே இருக்கும். எடுக்காத நேரத்தில் ஆஃப் செய்துவிடுங்கள். விலை மலிவு என்று பெயர் தெரியாத பேட்டரி போடாதீர்கள். உப்பிக்கொண்டால் அறையிலிருந்து வெளியே எடுப்பதே பெரும்பாடு.

கோடு விழும் புகாருக்கு வருவோம். தாலி கட்டும் நேரத்தில் சத்தம் வேண்டாம் என்று சைலன்ட் ஷூட்டிங்கைப் போட்டுவிடுகிறார்கள். அதில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது, அதுவும் நிதானமாக. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஒரு வரி வாசிக்கும்போது விளக்கு பிரகாசம், அடுத்த வரிக்கு மங்கல் என்றால் முகத்தின் குறுக்கே பட்டை விழத்தான் செய்யும். மண்டபத்துக்குள் சாதாரண ஷட்டரே போதும். வேகத்தை 1/50, 1/100 பக்கம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாதஸ்வரம், கெட்டிமேளத்துக்கு நடுவில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? சைலன்ட்டில் ஃப்ளாஷும் அடிக்காது.

ஸ்டூடியோ இருட்டுக்கு வழி சுலபம். மேனுவலில், ஃப்ளாஷை அடிக்கவைக்கும் ட்ரிக்கர் வைத்து எடுக்கும்போது ஃப்ளாஷ் வரப்போவது கேமராவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது நீங்கள் வைத்த செட்டிங்கில், ஃப்ளாஷ் இல்லாத வெளிச்சத்தில் படம் எப்படி வருமோ அப்படியே இருட்டாகக் காட்டும். மெனுவில் லைவ் வியூ டிஸ்ப்ளேக்குப் போய் செட்டிங் எஃபெக்ட்டை ஆஃப் செய்யுங்கள், அவ்வளவுதான்.

நான் உண்மையில் பயப்படுவது லேசருக்குத்தான். இப்போது ரிசப்ஷன் என்றால் டி.ஜே. இல்லாமல் இல்லை, டி.ஜே. என்றால் பச்சையும் நீலமுமாக லேசர். டி.எஸ்.எல்.ஆரில் வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். படம் எடுக்கும் நொடித்துளியில் மட்டும்தான் திறக்கும். வீடியோ எடுத்தால் அதற்கும் ஆபத்துதான். மிரர்லெஸ்ஸில் ஆனில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த மறைப்பு கிடையாது. கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால், லென்ஸ் அதை ஒரு புள்ளியில் குவித்து சென்சார்மேல் பாய்ச்சும். புள்ளி கருகலாம், ஒரு வரிசை முழுக்கச் செத்து வண்ணக் கோடாக நிற்கலாம். மேடைப் பக்கத்திலிருந்து கூட்டத்தை நோக்கி லேசர் வீசும்போது நீங்கள் அதற்கு எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டுக்குப் போங்கள். நிகழ்ச்சிக்கு முன்பே டி.ஜே. தம்பியிடம், "கேமரா இருக்கற பக்கம் அடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் அந்தப் பாட்டு முடியும்வரை லென்ஸ் மூடியைப் போட்டுவிடுவேன். கல்யாண வீட்டாரிடமும் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

ஆஃப் செய்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். கேனான் ஈ.ஓ.எஸ். ஆர் போன்றவை ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். ஏ6400 மூடாது. லென்ஸைக் கழற்றினால் சென்சார் பளிச்சென்று தெரியும், அதாவது தூசிக்கும் அதே வழி திறந்திருக்கிறது. ஆஃப் செய்து, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றாடிக்கு அடியில் நிற்காமல் லென்ஸை மாற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் தூசியைவிட மோசம்.

கார்டு விஷயம் ஒன்று. இதில் ஒரே கார்டுதான் போட முடியும். அதுவும் அடியில், பேட்டரி கதவுக்குள். ட்ரைபாட் பிளேட் மாட்டியிருந்தால் கதவு திறக்கத் தடுக்கும். தாலி கட்டு முடிந்ததும் கார்டை மாற்றிப் பத்திரப்படுத்துவது என் வழக்கம். முழுக் கல்யாணத்தையும் ஒரே பெரிய கார்டில் வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு வேலை செய்யுங்கள். லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம், லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம், பத்து விநாடி வீடியோ. கம்ப்யூட்டரிலோ பெரிய திரையிலோ போட்டுப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளி என்றால் பெரும்பாலும் தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வண்ணக் கோடோ பளிச்சென்ற புள்ளிக் கூட்டமோ நின்றால், கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சென்சார் மாற்றும் செலவு பழைய கேமராவின் விலையையே தொட்டுவிடும்.