கச்சான் காற்றும் பயணியின் தோலும்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடல் பார்க்க ஆட்கள் திரண்டு வருவது மே தொடக்கம் செப்டம்பர் வரைதான். மேற்குக் கரை கொந்தளிக்கும் அந்த மாதங்களில் பாசிக்குடாவில் கடல் அடங்கிக் கிடக்கும். அறுகம்குடாவில் அலைச்சறுக்கலுக்கு ஏற்ற அலை எழும். கச்சான் என்னும் சூடான, காய்ந்த காற்று அடிக்கும் காலமும் அதுவேதான். வந்து இரண்டு நாளைக்குள் உதடு வெடிக்கிறது, கன்னம் இழுக்கிறது, முழங்காலில் சாம்பல் பூத்தது போல வெளிறல் தெரிகிறது. எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் இந்த வறட்சியில் பெரிய பங்கு காற்றுக்கு.

தென்மேற்குப் பருவக்காற்று கடல் ஈரத்தோடு வந்து மலைநாட்டில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே மழையாகக் கொட்டுகிறது. நீராவி நீராக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், ஏறும் காற்று 1,000 மீட்டருக்குச் சுமார் 5 பாகைதான் குளிர்கிறது. ஈரம் தீர்ந்த அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ 1,000 மீட்டருக்குச் சுமார் 10 பாகை சூடாகிறது. ஆக, ஏறியதைவிடச் சூடாக, காய்ந்துபோய், அம்பாறை வயல்வெளிகளைத் தாண்டி நம்மிடம் வந்து சேருகிறது கச்சான்.

இந்தக் காற்றை எதிர்கொள்ளத் தோலிடம் இருப்பது ஒரு மெல்லிய வெளிப்படலம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்துப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உயிரற்ற தட்டைக் கலங்கள் கூரையில் வேய்ந்த கிடுகு போல அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கின்றன. இடுக்குகளைச் செராமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள் என்ற கொழுப்பு வகைகள் அடைத்திருக்கின்றன; கலங்களுக்குள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கும் அமினோ அமிலங்களும் யூரியாவும் இருக்கின்றன. உடம்பின் ஈரம் இந்த அடுக்குகளின் ஊடாக எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்று காய்ந்திருந்தால் மேலடுக்குகள் வேகமாக ஈரத்தை இழந்துவிடும்.

அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது? பழைய கலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அவற்றைப் பிணைக்கும் புரதங்களை நொதியங்கள் வெட்டிவிட வேண்டும். நொதியம் வேலை செய்யத் தண்ணீர் தேவை. ஈரம் குறைந்தால் வெட்டு பாதியில் நிற்கிறது; கலங்கள் தனித்தனியாக உதிராமல் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தச் செதில்களில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அழுக்கென்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் இடுக்கிலுள்ள கொழுப்பும் சேர்ந்து போய்விடும். மறுநாள் நிலைமை இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது எளிது. குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே வாசலினோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெய் தானாக ஈரம் தராது, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் தடுக்கும். அதனால் காய்ந்த தோலில் பூசினால் பலன் குறைவு. கிளிசரின் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும் பொருள். கச்சானில் அதைத் தனியே பூசாமல் மேலே ஒரு எண்ணெய்ப் பூச்சும் கொடுப்பது நல்லது. உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிட்டத்தட்ட இல்லை, வெளிப்படலமும் மிக மெல்லியது. நாக்கால் நனைக்க நனைக்க வெடிப்பு கூடும். பாசிக்குடாவில் குளித்துவிட்டு உப்போடு வண்டியில் ஏறாதீர்கள். காயும் உப்பு தோலை இன்னும் உலர்த்தி அரிப்பெடுக்க வைக்கும். நல்ல தண்ணீர் இரண்டு வாளி ஊற்றினாலே போதும். ஏசி பஸ்ஸிலும் இதே கதைதான். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே விட்டுவிடுகிறது.

சரி, வெயிலுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குக் காலையில் பஸ் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். தெற்கே போகிறோம், சூரியன் கிழக்கே, அதாவது இடது பக்கம். கடல் தெரியும் என்று இடது யன்னலைப் பிடிப்போம். பின்னேரம் வடக்கே திரும்பும்போது சூரியன் மேற்கே. அதுவும் இடது பக்கம்தான்! போகவும் வரவும் ஒரே கைதான் வெயில் காயும். வலப் பக்கம், சாரதியின் பின்வரிசையில் இருந்தால் இரண்டு நேரமும் தப்பலாம். கண்ணாடி மூடியிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுடும் யூவி-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும். ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் யூவி-ஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். நம் கறுத்த தோலுக்கு அதன் சாயமான மெலனின் கொஞ்சம் காப்புத் தருகிறது, முழுக் காப்பு இல்லை. வெயிலில் இன்னும் கறுப்பதே, கலங்களின் மரபணுவுக்குச் சேதம் வந்ததால் உடம்பு அவசரமாகச் சாயம் கூட்டுகிறது என்பதற்கு அடையாளம்.

சன்ஸ்கிறீன் வாங்கும்போது எஸ்பிஎப் (வெயில்காப்பு அளவு) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 30 போட்டது யூவி-பியில் சுமார் 97 வீதத்தைத் தடுக்கும், 50 போட்டது 98 வீதம். எஸ்பிஎப் யூவி-பியை வைத்துக் கணிப்பது; யூவி-ஏ காப்பும் உண்டு என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண், சதுர சென்ரிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசிச் சோதித்த எண். பலரும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், கடலில் இருந்து ஏறியதும் மறுபடி பூசுங்கள். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு உதவாது. நண்பகலில் நீளக் கையும் அகலத் தொப்பியும் எந்தக் கிறீமையும்விட நம்பகமானவை.

அப்படியும் தோல் எரிந்துவிட்டால் நிழலுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள். சூடு தணியும் முன் எண்ணெய் தடவ வேண்டாம், அது வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். கொப்புளம் பரவலாக எழும்பினாலோ காய்ச்சலும் தலைசுற்றும் சேர்ந்து வந்தாலோ, பயணத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.