கடற்கரை மேடையில் கலைஞர்களின் காதுகள்

வயலின், செல்லோ, டிரம்பெட்டோடு சின்தசைசரையும் லேப்டாப் ஒலிகளையும் இணைத்து இசையமைக்கிறேன். மேடையில் அந்தக் குழுவை நடத்துபவனும் நானே. பாம்பன், மண்டபம் பக்கம் திறந்தவெளியில் வாசிக்கும்போதெல்லாம் கலைஞர்களின் காதுகளை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

பிரான்சில் பிறந்த இசையமைப்பாளர் எட்கர் வரேஸ் கருவிகளையும் ஒலிநாடாவையும் ஒரே படைப்புக்குள் கொண்டுவந்து 1954-இல் பாரிஸில் அரங்கேற்றினார். அதில் இரண்டும் மாறி மாறித்தான் ஒலித்தன. இன்று நாங்கள் இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிடுகிறோம். காதுக்கு இடைவேளையே இல்லை.

அரங்கத்தில் சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பித் தரும். கடற்கரையில் எதுவும் திரும்பாது. கிடைப்பதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். தன் வாசிப்பு கேட்காத வயலின் கலைஞர், மேடையில் கலைஞர்களை நோக்கி வைத்திருக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரைக் கூட்டச் சொல்வார். அடுத்து கீபோர்டுக்காரர் கேட்பார். டிரம்பெட் இன்னும் ஓங்கி ஊதும். ஒவ்வொருவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்த மேடை நிற்க முடியாத இடமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபெல் (ஒலியளவின் அலகு) ஓசையில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஒத்திகையே அதைவிட நீளம்! உட்காதின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வயலின் கலைஞருக்கு இடது காதருகிலேயே கருவி இருப்பதால் அந்தக் காதுக்குச் சுமை அதிகம்.

நடத்துனருக்கும் ஆபத்து உண்டு. கணினியோடு தாளம் பிசகாமலிருக்க அது தரும் தாளத் துடிப்பான 'கிளிக்'கை ஒரு காதில் மட்டும் கேட்கும் வழக்கம் இருக்கிறது. திறந்திருக்கும் மறு காதில் மேடையின் இரைச்சல் ஏற ஏற, கிளிக்கையும் ஏற்றிக்கொண்டே போவோம். இரு காதையும் இறுக மூடும் இயர்போனில் கிளிக்கைத் தாழ்வாக வைத்துக் கேளுங்கள். பஞ்சு வைப்பது பாதுகாப்பல்ல. கலைஞர்களுக்கென்றே எல்லாச் சுருதிகளின் ஒலியளவையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இயர்பிளக் கிடைக்கிறது. பெரிய மானிட்டரைத் தள்ளி வைப்பதைவிடச் சிறியதை அருகில் வைத்துக் குறைவாக ஒலிக்கவிடலாம்.

நிகழ்ச்சிக்குப் பின் காது அடைத்தாற்போலிருப்பதும் உள்ளே ரீங்காரம் கேட்பதும் தொழிலில் சகஜம் என்கிறார்கள். அப்படிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது காது பட்ட அடியின் அடையாளம். மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். என் குழுவில் அப்படி ஒருவர் சொன்னால் மருத்துவர் அனுமதிக்கும்வரை அவரை மேடையேற்றுவதில்லை; அவருடைய ஊதியத்திலும் கை வைப்பதில்லை.