கிராவல் என்பது கூழாங்கல் அன்று

‘கூழாங்கல் மிதிவண்டிப் பயணம்.’ இந்த ஆண்டில் இந்தத் தொடரை நான் எதிர்கொள்வது இது நான்காவது முறை. முதலில் ஒரு நாளிதழில் படித்தேன். பிறகு வானொலியில் இரண்டு முறை கேட்டேன். கடைசியாக, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடைச் சுவரில் ஓர் அறிக்கையாகவே ஒட்டிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் தோட்டத்தில் சடக்கு வேலை, அதாவது சாலை போடும் வேலை, பார்த்தவர் அவர். “தம்பி, ஆற்றுக்குள்ளேயா சைக்கிள் ஓட்டப் போகிறார்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கூழாங்கல் என்றால் ஆறுதானே நினைவுக்கு வரும்?

அறிக்கை சொல்ல வந்தது கிராவல் சைக்கிளிங். தார் போடாத பாதைகளில், மேடும் பள்ளமுமான நாட்டுப்புற வழிகளில், தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் தடங்களில் ஓட்டும் நெடுந்தூரச் சைக்கிளோட்டம் அது. சைக்கிள் பார்ப்பதற்குப் பந்தயச் சைக்கிள் போலத்தான் இருக்கும். வளைந்த கைப்பிடியும் அப்படியே. டயர் மட்டும் அகலம், பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை. காற்றையும் குறைவாகவே அடிப்பார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் கிராவல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் தாய்ச்சொல்லுக்கு மணல், கரை என்று பொருள்; அதற்கும் பின்னால் கெல்டிய வேர் இருக்கிறது. கரையில் பிறந்த சொல்லாயிற்றே, கூழாங்கல் பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தாது. பிறந்த இடத்தை வைத்து ஒரு சொல்லை மொழிபெயர்த்தால் இன்று அது சுட்டும் பொருள் கைநழுவிப் போகும்.

கூழாங்கல்லை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். பல காலம் நீரில் உருண்டு, முனை எல்லாம் மழுங்கி, உள்ளங்கையில் வழுவழுவென்று கிடக்கும். இரண்டைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று பற்றாது, நழுவும். அப்படிப்பட்ட கற்களைப் பாதையில் பரப்பிச் சைக்கிளை விட்டால் முன்சக்கரம் புதையும், பின்சக்கரம் உருளும், ஓட்டுபவர் கீழே கிடப்பார். இப்போது எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மிளகளவு, புளியங்கொட்டையளவு, சில நேரம் எலுமிச்சையளவு கட்டிகள். முனை உள்ளவை, சொரசொரப்பானவை. இடையிடையே செம்மண் தூள் ஒட்டியிருக்கும். உதறினாலும் விரலில் சிவப்பு போகாது. குலை ஏற்றிய லாரி நாலு முறை போய் வந்தால் மண்ணும் கல்லும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதை கெட்டிப்படும். அந்தப் பிடிப்பில்தான் இந்தச் சைக்கிளோட்டமே நடக்கிறது. நழுவுகிற கல்லின் பெயரை எப்படி அதற்கு வைப்பது?

இந்த வகைப் பந்தயங்களில் உலகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா ஊரில் 2006 முதல் நடப்பது. அதன் முதன்மைத் தூரம் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல். அது செல்லும் குன்றுகளுக்குப் பெயரே சக்கிமுக்கிக் குன்றுகள். அங்கே பாதையில் கிடக்கும் கல் டயரைக் கத்திபோல் கிழிக்கும்; ஓட்டுபவர்கள் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பந்தயத்தைக் ‘கூழாங்கல் பந்தயம்’ என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர் அகராதியில் ஒரு வரியைப் பார்த்தார், கல்லைப் பார்க்கவில்லை. என் கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நம் செய்தி மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அகராதியில் முதலில் நிற்கும் சொல் பத்தியில் ஏறிவிடுகிறது. அது எந்தப் பொருளுக்கு, யார் வாயில், எந்த மண்ணில் வழங்குகிறது என்று கேட்க ஆளில்லை.

நம்மிடம் சொல் இல்லையா? சரளை இருக்கிறது. மண்ணோடு கலந்த சிறுகல்லுக்குத் தமிழில் தெளிவான பெயர் அது. மலையாளத்தில் இன்றும் சரல் என்கிறார்கள். இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் வேலை செய்த காலத்திலிருந்து தோட்டங்களில் ‘சரளை கொட்டு’, ‘சரளை பரத்து’ என்ற பேச்சு உண்டு. மழைக்காலம் முடிந்ததும் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், சொல்லும் முதல் வேலை அதுதான்.

வேறு சொற்களையும் எடைபோட வேண்டும். சல்லி என்பது குவாரியில் உடைத்த கல். கான்கிரீட்டுக்கும் தண்டவாளத்துக்கு அடியிலும் போடுவது. கப்பி என்பது சாலைக்கு அடித்தளமாகப் பரப்பி உருளையால் நெரித்த கல். இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் வேறு பொருளுக்கு உரியவை. ‘கிராவல்’ என்றே எழுதிவிடலாம் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கிராவல் என்றால் பள்ளம் நிரப்பும் மண். ‘கிராவல் சைக்கிள்’ என்று படிக்கும் அங்கத்து வாசகர் குழம்புவார். இன்னொரு நண்பர் ‘பரற்றடம்’ என்று முன்மொழிந்தார். பரல் அழகான பழஞ்சொல். சங்கப் பாலைப் பாடல்களில் நடப்பவர் காலைச் சுடுவதும் உறுத்துவதும் பரல்தான். அந்த அழகுக்காக இரண்டு நாள் நானும் தயங்கினேன். ஆனால் இன்று பரல் என்றால் சிலம்புக்குள் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு சொல்லைச் சொன்ன பிறகு அதற்கே விளக்கவுரை எழுத வேண்டியிருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

ஆகவே சரளைப் பாதைச் சைக்கிளோட்டம். சைக்கிளா, மிதிவண்டியா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டும் எல்லாருக்கும் புரியும். நம் நாட்டில் எழுதுபவர்கள் சரளைச் சடக்கு என்றே எழுதலாம் என்பேன். இந்தியிலும் உருதுவிலும் சாலைக்கு வழங்கும் சடக் என்ற சொல்தான் நம்மிடம் சடக்கு ஆயிற்று. தூய தமிழ் இல்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் தாத்தா பாட்டி வெட்டிய பாதைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

ரயில் தடத்திலும் ஒரு பிழை நடக்கிறது. அதே அறிக்கையில் ‘மாற்றப்பட்ட ரயில் பாதை’ என்று இருந்தது. படிப்பவர் என்ன நினைப்பார்? ரயில் இப்போது வேறு வழியாக ஓடுகிறது என்றுதான். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்த வழியில் இன்று தண்டவாளமே இல்லை. சிங்கப்பூரில் 2011இல் தஞ்சோங் பகார் வரை ஓடிய ரயில் நின்ற பிறகு, அந்த 24 கிலோமீட்டர் தடம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஆயிற்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சுமார் 380 கிலோமீட்டர் நீளத் தடம் ஒன்றில் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் பரப்பியிருக்கிறார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் இத்தடங்கள் எல்லாம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், வயதானவர்களும் ஓட்டலாம். ஆனால் சல்லியின் மேல் அப்படியே ஓட்ட முடியாது. அதை அகற்றியோ மூடியோ மேலே பொடிக்கல் போட்ட பிறகுதான் அது சைக்கிளுக்கு ஆகும். இதற்குப் ‘பழைய ரயில் தடம்’ என்றால் போதும். எங்கள் பெரியவர்களுக்கு அது ‘பழைய கம்பிச் சடக்கு’.

அறிக்கை ஒட்டிய இளைஞர்களைத் தேடிப் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த அச்சில் சரளை என்று போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். சடக்கு மட்டும் வேண்டாம், பாதை என்றே இருக்கட்டும் என்றாள் அவர்களில் ஒரு பெண். அதில் எனக்கு உடன்பாடில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.